ஒன்பதை அழுத்தினால் சம்பங்கி

முதுகு சாயும் நாற்காலி ஒன்று. காட்சிக்கூடத்தின் சாவி. மத்தியானத்தில் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற அனுமதி. ‘கை போனவளே’ என்று கூப்பிட்டவர்களின் வாயிலிருந்தே ‘சம்பங்கியம்மா’. ஒன்பதாம் எண்ணில் தன் சொந்தக் குரல். ஓசூர் சிப்காட்டில், தகட்டை அழுத்தி உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், நான்கு விரல்களைக் கொடுத்த பிறகு என் தங்கை சம்பங்கி ஜெயித்தவை இவை. கடைசியில் சொன்னதைத் தவிர மற்றவையெல்லாம் இன்றும் அவளிடம் இருக்கின்றன.

காலையில் கூடத்தைத் திறந்ததும் முதல் வேலையாகச் செட்டுகளைத் துடைப்பாள். செட் என்பது கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் கையில் கொடுக்கும் கருவி. பெங்களூரில் செய்து வாங்கியது. செங்கல் நீளம், அதில் பாதி அகலம். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். முகப்பில் எண்கள், பக்கத்தில் பாஷையை மாற்றும் திருகு, அடியில் மூன்று நிறப் பொத்தான்கள். கூடத்தில் வரிசையாக வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை அழுத்தினால் செட் பேசும். தொழிலாளிகள் அதற்கு வைத்த பெயர் சோப்பு டப்பா. ஒருவர் காதில் வைத்ததை இன்னொருவர் வைப்பதால், துடைத்த செட்டைத் தன் காதில் ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குவாள். "எண்ணெ வாசன வந்தா ஆபீசருங்க மூஞ்சி சுளிப்பாங்கக்கா. அவங்க தலையில எண்ணெயே வெக்கறதில்ல போல."

பச்சைப் பொத்தான் வெளியிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு. மஞ்சள் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு. சிவப்பு புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு. ஒரே இயந்திரத்தின் முன்னால் மூன்று பேர் நின்று ஒரே எண்ணை அழுத்துவார்கள். விருந்தாளிக்கு அது எத்தனை டன் அழுத்தம் கொடுக்கும் என்று சொல்லும். மாணவனுக்குத் தகடு எப்படி வளைகிறது என்று சொல்லும். தொழிலாளிக்குக் கையை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லும். பக்கத்தில் நிற்பவர் எதைக் கேட்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. "ஆளுக்கு ஒரு கத சொல்லுது. கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த பொம்பளைங்க மாதிரி" என்பாள் சம்பங்கி.

எந்தப் பாஷையில் திருகை வைப்பது என்று அவள் யாரையும் கேட்பதில்லை. வாசலில் வருகிறவர் முகத்தைப் பார்த்து மூச்சு விடாமல் ஒரே விசாரிப்பு: "சாப்டீங்களா, ஊட்டா ஆய்த்தா, தின்னாரா?" தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அதில் வந்துவிடும். பதில் எந்தப் பாஷையில் வருகிறதோ அந்தப் பக்கம் திருகு போகும். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அக்கம்பக்கத்தில் கன்னடம். தமிழ் கடைவீதியிலும் பள்ளிக்கூடத்திலும். எல்லையோரத்து ஜூஜுவாடியில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கொண்டு ஒரு வேலையை நடத்தியவள் எனக்குத் தெரிந்து இவள்தான். ஒருமுறை கணக்குப் பிரிவு இளைஞர் ஒருவர், "சாப்பிடலன்னா நீ போடுவியாம்மா?" என்று கேலி செய்தார். "போடறன். டப்பாவுல களி இருக்குது. தொரைக்குத் தொண்டையில எறங்குமா?" என்றாள். அவர் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஒன்பதாம் எண்ணில் இருப்பது ஒரு பழைய பிரஸ் மிஷின். வேலையிலிருந்து நீக்கி, பச்சை வர்ணம் அடித்து, சுற்றிலும் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சம்பங்கியின் விரல்களை எடுத்தது அதே மிஷின். வேறு மிஷினாக இருக்குமோ என்று நான் ஒருமுறை கேட்டேன். பெடலின் ஓரத்தில் இருக்கும் வெல்டிங் தழும்பைக் காட்டினாள். தினமும் அதன் தூசியைத் துடைப்பவளும் அவள்தான். "மாமியாரக் குளிப்பாட்டி உடற மாதிரிதான். பிடிக்கலன்னா உட்டுட முடியுமா?" துடைக்கும்போது வலக்கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். அது அவளுக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

நடந்தது இதுதான். அந்த மிஷினுக்கு இரண்டு ஆள். சம்பங்கி தகட்டை உள்ளே வைத்து எடுப்பாள். பெடலை மிதிப்பவர் கங்கப்பன், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர், வீட்டுப் பேச்சு கன்னடம். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று கைத்தடுப்புக் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒருநாள் தகடு கோணலாகச் சிக்கியது. நேராக்கக் கையை உள்ளே விட்டவள், மேலே அசைவு தெரிந்ததும் கத்தினாள். பயத்தில் வாயில் வருவது வீட்டுப் பேச்சுதான். "ஆகு! ஆகு!" என்று கத்தியிருக்கிறாள். தெலுங்கில் அதற்கு ‘நிறுத்து’ என்று பொருள். கன்னடத்தில் ‘ஹாகு’ என்றால் ‘போடு’. எங்கள் பக்கத்துக் கன்னடத்தில் அந்த ‘ஹ’ காணாமல் போய் அதுவும் ‘ஆகு’ ஆகிவிடும். தமிழில் எழுதப் போனால் இரண்டுக்கும் ஒரே எழுத்துகளைத்தான் போட வேண்டியிருக்கிறது. பிரஸ் ஷாப் இரைச்சலில் கங்கப்பனின் காதும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. அவள் போடச் சொல்கிறாள் என்று நினைத்து, அவர் பெடலை இன்னும் பலமாக மிதித்தார்.

கட்டை விரல் ஒன்றுதான் அந்தக் கையில் மிஞ்சியது. அதன்பின் சில வருஷம் கேட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கூடம் கட்டியபோது அங்கே மாற்றினார்கள். செட்டுகள் வந்தபோது பயிற்சி ஆபீசராக இருந்தவர் சின்னராஜ், பாரூர்க்காரர். செட்டில் பேசுவதற்குப் பெங்களூரிலிருந்து நல்ல குரலுள்ளவர்களை அழைத்து வந்து பதிந்தார்கள். ஒன்பதாம் எண்ணில், சிவப்புப் பொத்தானுக்கு மட்டும், மூன்று பாஷையிலும் சம்பங்கியே பேசட்டும் என்று சொன்னவர் சின்னராஜ்தான். கதவு ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பேசினாளாம். தமிழில் அவள் பேசியது எனக்கு மனப்பாடம்:

"நான் சம்பங்கி. வாசல்ல உங்களுக்கு இந்தச் செட்டக் குடுத்தவ. இந்த மிஷின்லதான் எனுக்கு வெரலு போச்சு. நான் நிறுத்துன்னு எங்க பாஷையில கத்தினன். பெடல்ல இருந்தவருக்கு அவரு பாஷையில போடுன்னு கேட்டுது. போட்டுட்டாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க யாரா இருந்தாலும் சரி, ஊட்ல எது பேசினாலும் சரி, இங்க ‘நில்லு’ன்னு கத்துங்க. தமிழு, கன்னடம், தெலுங்கு, எதுல கேட்டாலும் அது நிக்கச் சொல்றதுதான். இப்பவே ஒரு தபா கத்திப் பாருங்க. வெக்கப்படாதீங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கேன்டீனில் இட்லி ஊற்றும் பேச்சியம்மாள் திருநெல்வேலிக்காரி. "ஏட்டி, நில்லுன்னு கத்துனா தெலுங்குக்காரன் நீள்ளுன்னு நெனச்சு தண்ணியல்லா மோந்துட்டு வருவான்?" என்றாள். தெலுங்கில் நீள்ளு என்றால் தண்ணீர். சம்பங்கி யோசிக்கவே இல்லை. "வரட்டுமே. தண்ணி மோக்கப் போனாலும் பெடல்லேருந்து கால எடுத்துதான ஆவணும்?"

கொஞ்ச நாளில் கூடத்துக்குள்ளிருந்து புது ஆட்கள் ‘நில்லு’ என்று கத்திப் பார்ப்பது கேட் வரைக்கும் கேட்டது. பிறகு பிரஸ் ஷாப்பிலும் அதுவே பழகிப்போனது. ஜோதியம்மாள் என்ற பெண்ணின் கை சிக்க இருந்தபோது அவள் ‘நில்லு’ என்று கத்த, பெடலில் இருந்தவன் காலை எடுத்துவிட்டானாம். அன்றைக்குச் சம்பங்கி வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "என்னாடி?" என்றேன். "அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து கையக் காட்டிச்சுக்கா. அஞ்சும் இருந்துச்சு" என்றாள்.

ஒன்பதாம் எண்ணைக் கேட்க மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துகொண்டிருந்த இன்னொருவர் கங்கப்பன். அந்த விபத்துக்குப் பின் அவர் மிஷின் பக்கம் போகவில்லை. ஸ்டோரில் மூட்டை தூக்கினார். டீ நேரத்தில் வந்து, கன்னடத்தில் திருகை வைத்துத் தரச் சொல்லி, வேறு எதையும் பார்க்காமல் நேராகப் பச்சை மிஷின் முன்னால் போய் நிற்பார். கேட்டுவிட்டுச் செட்டைத் திருப்பிக் கொடுப்பார். ஒருநாள் சம்பங்கி, "கங்கண்ணா, இத்தினி தபா கேட்டா பேட்டரி தீந்துடும். நானே நேர்ல சொல்றன், கேட்டுக்கோ" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "வேணாம் சம்பங்கி. நேர்ல சொன்னா, என் மூஞ்சிக்காக சொல்ற மாதிரி ஆய்டும். இது எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லுது. எம்மேல தப்பில்லன்னு ஊர்ல இது ஒண்ணுதான் சொல்லுது."

இதெல்லாம் கெட்டது ஒரு நல்ல மனிதரால். ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரிய ஆர்டர் பேச வந்தவர். வெள்ளைச் சட்டை, வயது அறுபது இருக்கும். கூட வந்த கம்பெனி மேனேஜர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தார். வாசலில் சம்பங்கி வழக்கம்போல மூன்றையும் கேட்டாள். "தின்னானம்மா, தின்னானு" என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டு. அவள் திருகைத் தெலுங்குக்குத் தள்ளி, பச்சைப் பொத்தானை அழுத்திக் கொடுத்துவிட்டாள்.

விருந்தாளிகள் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள், கூடிப்போனால் தமிழில் என்று நினைத்து, தெலுங்கிலும் கன்னடத்திலும் தொழிலாளிக்கானதை மட்டுமே பதிந்திருந்தார்கள். அந்தப் பாஷைகளில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வருவது அது ஒன்றுதான். சம்பங்கிக்கு இது தெரியாததில்லை. ஆனால் அன்றுவரை எந்த விருந்தாளியும் அவளுக்குத் தெலுங்கில் பதில் சொன்னதில்லை. தன் வீட்டுப் பேச்சில் ஒரு பெரிய மனிதர் ‘அம்மா’ என்றதும் கை தானாகத் திருகிவிட்டது.

பெரியவர் ஒன்பதாம் எண்ணில் நின்றார். மேனேஜர் ஏதோ சொல்ல, கையால் பொறுக்கச் சொன்னார். திரும்பி வாசலுக்கு வந்து, செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இதி நுவ்வேனா தல்லி?" என்றார். இது நீதானா தாயே என்று கேட்கிறார். சம்பங்கி வலக்கையை மேசைமேல் வைத்தாள். அவர் காபி குடிக்காமல் கிளம்பிவிட்டார். ஆர்டர் வரவில்லை. அதற்கு இதுதான் காரணமா, வேறு காரணமா என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனியில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் நம்பினார்கள். ஓவர்டைம் குறைந்தபோது, அவள் யாருக்காக ‘நில்லு’ சொன்னாளோ அவர்களே, "ஒன் வாயி சும்மா இருந்திருந்தா எங்க வாயிக்குச் சோறு வந்திருக்கும்" என்றார்கள். பேச்சியம்மாள் மட்டும் பழையபடி ஒரு இட்லி கூடுதலாக வைத்தாள். அவளும் பேசவில்லை.

சின்னராஜ் அதற்கு முன்பே புனேக்குப் போய்விட்டார். இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று நான் சொன்னேன். "அவரும் சம்பளம் வாங்கறவருதான்க்கா" என்றாள் சம்பங்கி. பெங்களூர்க்காரர்கள் வந்து எல்லாச் செட்டுகளிலும் ஒன்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தார்கள். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு செட்டாக எடுத்துக் கொடுத்தாள். இப்போது எந்தப் பொத்தானை அழுத்தினாலும், எந்தப் பாஷையிலும், ஒரு நல்ல குரல் அந்த மிஷின் எந்த வருஷம் வாங்கியது, எத்தனை டன் என்று சொல்லி, இங்கே பாதுகாப்பு விதிகள் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்று முடிக்கிறது.

அடுத்த டீ நேரத்தில் கங்கப்பன் வந்தார். அவளால் சொல்ல முடியவில்லை. வழக்கம்போல் கன்னடத்தில் வைத்துக் கொடுத்தாள். அவர் போய் ஒன்பதை அழுத்தினார். காதிலிருந்து செட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். எண் தவறிவிட்டதோ என்று எட்டை அழுத்தினார், பத்தை அழுத்தினார். கடைசியில் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, டீ குடிக்காமலே ஸ்டோருக்குப் போனார். "நேர்ல சொல்றன் கங்கண்ணா, நில்லு" என்று இவள் பின்னால் கூப்பிட்டிருக்கிறாள். அவர் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கூடத்துக்கு வந்ததேயில்லை.

செட் சொல்லாததைத் தானே சொல்லிவிடுவது என்று கொஞ்ச நாள் முயன்றாள். சிவப்புப் பொத்தானை அழுத்திக் கொடுக்கும்போதே, "ஏதாச்சும்னா நில்லுன்னு கத்தணும், தெரியுதா? வேற எதுவும் கத்தக் கூடாது" என்று காதோடு சொல்லி அனுப்புவாள். பாதிப் பேர் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கையைக் காட்ட வேண்டும். கையைக் காட்டினால் பின்னால் வரிசை நிற்கும். ஒருநாள் அந்த வரிசையின் கடைசியில் மேனேஜரே நின்றிருந்தார். அவர் கோபப்படவில்லை. "சம்பங்கியம்மா, செட்ல இல்லாதத நீங்க சொல்லக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் ஒரு காகிதம் தயாரானது. நடந்த விபத்தைப் பற்றிப் பார்வையாளர்களிடமோ புதிய தொழிலாளர்களிடமோ பேச மாட்டேன் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கூடத்தில் இருக்கலாம். கொடுக்காவிட்டால் பழையபடி பிரஸ் ஷாப். ஒற்றைக் கட்டை விரலோடு பிரஸ் ஷாப் என்றால் வீடு என்று பொருள்.

நான் போடாதே என்றேன். விரலை எடுத்தார்கள், இப்போது நாக்கையும் எடுக்கிறார்களா என்று சத்தம் போட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "போடலன்னா ஊட்ல வந்து குந்தணும். ஊட்ல குந்திக்கினு யாருக்கு நில்லுன்னு சொல்றது? உன் கோழிங்களுக்கா?" என்றாள்.

"அங்க இருந்து மட்டும் யாருக்குடி சொல்லப் போற?"

"யாருக்கும் இல்ல" என்றாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

கைநாட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். விவரம் தெரியாமல் வைத்துவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எழுதி அறியாதவள். சம்பள நாளில் இத்தனை வருஷமும் மை தடவி ஒற்றித்தான் வாங்கினாள். ஆகவே அந்த வாரம் முழுவதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, இடக்கை விரலைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்டில் தன் பெயரை எழுதிப் பழகினாள். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் மறுபடி எழுதுவாள்.

சாட்சிக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்றதால் நானும் போனேன். மேனேஜர் காகிதத்தை நிறுத்தி நிதானமாகத் தமிழில் படித்துக் காட்டினார். நாற்காலி போட்டார். மனிதர் மரியாதையில் குறை வைக்கவில்லை. சம்பங்கி கடைசிவரை கேட்டுவிட்டு, "நில்லுன்னு வெறுமனே சொல்லலாங்களா சார்?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"யாராச்சும் வாசப்படியில வழுக்கினா."

"அதெல்லாம் இதுல எழுத முடியாதும்மா" என்றார்.

அவள் வலக்கையின் அடிப்பகுதியால் காகிதத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். இடக்கையால் எழுதினாள். ‘ச’ பெரிதாகவும் ‘கி’ சின்னதாகவும் வந்தது. நடுவில் ஒரு புள்ளி எங்கேயோ போய் விழுந்தது. மேனேஜர் காகிதத்தை எடுக்கக் கை நீட்டினார். அவள் கையை எடுக்கவில்லை.

"தேதி போடணுமில்ல சார்."

"அத நாங்க போட்டுக்கறோம்மா."

"இல்லீங்க சார். எந்த நாள்லேருந்து நான் பேசலன்னு அதுல இருக்கட்டும்" என்று சொல்லி, பேனாவை மறுபடி இடக்கையில் பிடித்து, ஒவ்வோர் எண்ணாகப் பெயருக்குக் கீழே எழுதினாள்: 27-6-1996.